சந்தை நடுவே உட்கார்ந்து வரைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூரின் குமார கிருபா சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். வின்ட்சர் மேனர் ஹோட்டல் பக்கத்திலிருந்து சிவானந்தா சர்க்கிள் வரை இரண்டு ஓரமும் ஓவியர்கள் கடை பரப்பியிருப்பார்கள். கர்நாடக சித்ரகலா பரிஷத் என்ற கலை நிறுவனம் நடத்தும் சித்ர சந்தை அது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியர்கள் வருகிறார்கள். பார்க்க வருகிறவர்கள் லட்சக்கணக்கில். நானும் சில வருடங்களாகச் சென்னையிலிருந்து ராத்திரி ரயில் பிடித்துப் போய், ஒரு மரத்தடியில் உட்கார்ந்து ஆட்களை நேரில் பார்த்து வரைகிறேன். முதல்முறை போகிற தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பதும், சந்தையில் என் முதுகுக்குப் பின்னால் நிற்பவர்கள் கேட்பதும் வருடா வருடம் ஏறக்குறைய அதே கேள்விகள்தான். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

படம் விற்பதும் டெமோ செய்வதும் ஒன்றுதானே?

இல்லை. படம் விற்பவர் வீட்டில் வரைந்ததைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் பக்கத்தில் நிற்கிறார். டெமோ செய்பவர் வெற்றுத் தாளோடு உட்காருகிறார். கூட்டம் கூடுவது இரண்டாவது ஆளிடம்தான், அவர் சுமாராக வரைபவராக இருந்தாலும். எதிரே ஒரு முகம் இருக்கிறது, தாளில் ஒன்றுமே இல்லை, இந்த முகம் அந்தத் தாளுக்கு எப்படி வந்து சேரப்போகிறது என்பதைப் பார்க்கத்தான் நிற்கிறார்கள். இது மனதில் பதிந்துவிட்டால் எங்கே உட்காருவது, எந்தத் தாள், எவ்வளவு பேசுவது என்ற கேள்விகளெல்லாம் ஒரே இடத்தில் வந்து முடியும்: பின்னால் நிற்கிறவருக்குத் தெரிகிறதா?

எங்கே, எப்படி உட்கார வேண்டும்?

முதல்முறை வருகிறவர்கள் காம்பவுண்டு சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்காருவார்கள். கூச்சம்தான் காரணம். பின்னால் யாரும் நிற்க முடியாது என்பது அவர்களுக்கு நிம்மதி. ஆனால் அப்போது மக்களுக்குத் தெரிவது உங்கள் போர்டின் பின்பக்கம் மட்டும். இரண்டு நிமிடம் நின்றுவிட்டுப் போய்விடுவார்கள்.

நான் சுவரை என் வலது பக்கம் வைத்துக்கொள்வேன். வலது கைக்காரன் என்பதால் என் கை படத்தின் வலது பாதியை மறைக்கும். இடது தோள் பக்கம் நிற்பவர்களுக்குப் படம் முழுதாகத் தெரியும். கூட்டம் தானாகவே அங்கே போய்ச் சேர்ந்துகொள்ளும். இடது கைக்காரர்கள் எல்லாவற்றையும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். வெளிச்சமும் இடது மேலிருந்து வந்தால்தான் கையின் நிழல் தாளில் விழாது.

மரத்தடியில் ஒரு வில்லங்கம் உண்டு. இலைகளுக்கு நடுவே ஒழுகும் வெயில், உட்கார்ந்திருப்பவர் முகத்தில் வட்டம் வட்டமாக விழும்; காற்றடித்தால் ஓடும். அரை மணி நேரத்தில் நெற்றியில் இருந்த வெளிச்சம் தாடைக்கு வந்துவிடும். ஒரு கறுப்புக் குடை போதும், இது தீர்ந்துவிடும். கலர் குடை வேண்டாம். சிவப்புக் குடைக்கு அடியில் எல்லோருக்கும் காய்ச்சல் வந்தது போல இருக்கும்.

போர்டை மடியில் படுக்கவைக்காதீர்கள். தாள் படுத்திருந்தால் அதன் மேல்பகுதி நம் கண்ணுக்குத் தள்ளி, குறுகித் தெரியும். அதை ஈடுகட்ட நாமும் நம்மை அறியாமல் நீட்டி வரைந்துவிடுவோம். எழுந்து நின்று பார்த்தால் நெற்றி ஒரு சாண் இருக்கும். போர்டு நிமிர்ந்திருந்தால் இந்தத் தொல்லையும் இல்லை, கூட்டத்துக்கும் தெரியும்.

என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

குறைவாக. ஏ3 அளவுக்கு ஒரு ப்ளைவுட் பலகை, நான்கு கிளிப், 150 ஜிஎஸ்எம் கனமுள்ள கார்ட்ரிட்ஜ் தாள் (வரைவதற்கான தடித்த தாள்), கொஞ்சம் பழுப்புத் தாள், 2பி, 6பி பென்சில், கரித்துண்டு, வெள்ளைச் சாக்பென்சில், கட்டர், பட்டி ரப்பர் (மாவு போலப் பிசையக்கூடிய அழிரப்பர்), பழைய பருத்தித் துணி. மடக்கு ஸ்டூல் இரண்டு, ஒன்று உங்களுக்கு, ஒன்று உட்காருபவருக்கு. இரண்டும் ஒரே உயரம். அவர் உயரத்திலும் நீங்கள் தாழ்விலும் இருந்தால் எல்லோருடைய மூக்குத் துவாரத்தையும்தான் வரைந்துகொண்டிருப்பீர்கள்.

ஷார்ப்பனர் வேண்டாம். கட்டரால் சீவினால் ஒரு சென்டிமீட்டர் முனை வெளியே நீளும். படுக்கவைத்து இழுத்தால் அகலமாக நிழல், நிமிர்த்தினால் மெல்லிய கோடு. பட்டி ரப்பர் மதிய வெயிலில் இளகிப் பபிள்கம் மாதிரி ஆகிவிடும். சின்ன டப்பாவில் போட்டு நிழலில் வையுங்கள்.

தாள் ஏ4 போதாதா?

வீட்டுக்குக் கொண்டுபோக ஏ4 வசதி. ஆனால் ஆறடி தள்ளி நிற்பவருக்கு ஏ4 தாளில் வரைந்த கண் ஒரு புள்ளி. டெமோவுக்கு ஏ3.

பென்சில் நல்லதா, கரி நல்லதா?

பென்சிலில் இருப்பது ஈயம் இல்லை, கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டது. 1795ல் கோன்ட்டே என்ற பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்த முறை; களிமண் கூடினால் கடினமான எச், கிராஃபைட் கூடினால் மென்மையான, கறுப்பான பி. கிராஃபைட் பளபளக்கும் என்பதுதான் சந்தையில் சிக்கல். 6பியில் அழுத்தி முடியைக் கறுப்பாக்கியிருப்பீர்கள். பக்கவாட்டில் நிற்பவருக்கு அது எவர்சில்வர் பாத்திரம் போல மின்னும். கரி மின்னாது. பத்தடிக்கு அப்பாலும் கறுப்பு கறுப்பாகவே தெரியும், கை வேகத்துக்கும் ஈடுகொடுக்கும், துணியால் ஒரு தட்டு தட்டினால் பாதி அழிந்துவிடும். அதனால் கூட்டம் பார்க்க வரையும்போது கரி. காசு கொடுத்து வாங்கிப்போகிறவர் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் பென்சில்.

கரித்துண்டை நாமே செய்துகொள்ளலாமா?

செய்யலாம், நான் செய்கிறேன். வெளிநாட்டில் வில்லோ மரக் குச்சியில் செய்வார்கள். நம் பக்கத்துக்குப் புளியங்குச்சி. காளஹஸ்தி கலம்காரிக் கலைஞர்கள் துணியில் முதல் கோட்டைப் போடுவது கருக்கிய புளியங்குச்சியால்தான். அவர்கள் டெமோ செய்கிற இடம் எங்கே கண்ணில் பட்டாலும் நின்று பாருங்கள். மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி, அதன் மேல் கம்பளி நூலோ துணியோ சுற்றி, சாயத்தில் முக்குவார்கள். சுற்றிய இடத்தை விரலால் அமுக்க அமுக்கச் சாயம் முனைக்கு இறங்கும். கடுக்காயும் பாலும் ஏற்றிய துணி என்பதால் கோடு பரவாது. பத்து நிமிடம் பார்த்தால் போதும், ஒரு கோட்டை எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

செய்முறை: பென்சில் கனத்துக்குக் காய்ந்த குச்சிகளைத் தோல் உரித்து, ஒரு தகர டப்பாவில் நெருக்கமாக அடுக்குங்கள். மூடியில் ஆணியால் ஒரே ஒரு ஓட்டை. அடுப்பில் வைத்தால் ஓட்டை வழியாகப் புகை வரும். புகை நின்றதும் இறக்கிவிடலாம். ஆறும்வரை திறக்கக் கூடாது. சூடாகத் திறந்தால் காற்றுப் பட்டுக் குச்சி எரிந்து சாம்பலாகிவிடும். என் முதல் டப்பா அப்படித்தான் போனது.

ஒரு முகத்துக்கு எத்தனை நிமிடம்?

இருபது. அதற்கு மேல் உட்காருபவருக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும், வீட்டுக்காரர் வாட்ச் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

முதல் மூன்று நிமிடம் விவரமே கிடையாது. தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கழுத்து தோளில் எப்படி இறங்குகிறது, முடி மொத்தமும் சேர்ந்து என்ன உருவம் என்று மட்டும். அடுத்த ஐந்து நிமிடம் கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் இடங்கள். அப்புறம் நிழல். கடைசி ஐந்து நிமிடம்தான் கண்மணி, மீசை, கம்மல் எல்லாம்.

ஆனால் இந்த வரிசைப்படி போனால் எட்டாவது நிமிடம் வரை கூட்டத்துக்கு எதுவும் புரியாது. "என்னப்பா, வெறும் உருண்டையா போட்டுக்கிட்டிருக்காரு" என்று கிளம்பிவிடுவார்கள். அதனால் நான் ஒரு தந்திரம் செய்வேன். இடங்கள் முடிவானதுமே ஒரு கண்ணை மட்டும் முழுதாக, கறுப்பாக முடித்துவிடுவேன். பின்னால் ஒரு சின்ன "ஓ" கேட்கும். அதற்குப் பிறகு யாரும் நகரமாட்டார்கள், இன்னொரு கண் வரும்வரை. எங்கள் வாத்தியார் பார்த்தால் திட்டுவார். வகுப்பில் இது தப்பு, சந்தையில் சரி என்பது என் கட்சி.

ஜாடை வரவில்லை என்றால்?

ஜாடை கண்ணில் இருக்கிறது, மூக்கில் இருக்கிறது என்பார்கள். என் அனுபவத்தில் அது இடைவெளிகளில் இருக்கிறது. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை ஒரு நூல் மாற்றினால் அண்ணன் தம்பியாகிவிடுவார்.

எல்லோரும் செய்கிற தவறு கண்ணை மேலே வைப்பது. முடியையும் சேர்த்துத் தலையின் உச்சியிலிருந்து மோவாய் வரை அளந்தால் கண் ஏறக்குறைய நடுவில் இருக்கும். நம் மனது நெற்றியைப் பொருட்படுத்தாததால் கண்ணை மேலே ஏற்றிவிடுகிறோம். குழந்தைகளுக்குக் கண் நடுக்கோட்டுக்கும் கீழே இருக்கும். அதை மேலே போட்டால் நாலு வயதுப் பிள்ளைக்குக் கல்யாணக் களை வந்துவிடும். கண்ணாடி போட்டவர்களுக்கு முதலில் கண், பிறகுதான் கண்ணாடி. சிரிக்கிறவர்களுக்குப் பல்லை ஒவ்வொன்றாகக் கோடு போட்டுப் பிரிக்காதீர்கள். ஒரே வெள்ளைப் பட்டையாக விட்டுவிட்டு ஓரங்களில் மட்டும் லேசாக நிழல். முடிந்தால் சிரிக்காமல் உட்காரச் சொல்லுங்கள். இருபது நிமிடம் யாராலும் உண்மையாகச் சிரிக்க முடியாது.

பென்சிலை நீட்டி ஒற்றைக் கண்ணை மூடிப் பார்க்கிறீர்களே, அது எதற்கு?

சந்தையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பந்தா இல்லை, அளவு எடுக்கிறேன். முழங்கையை மடக்காமல் கையை நீட்டினால் பென்சில் எப்போதும் கண்ணிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும். கண்ணிலிருந்து மோவாய் வரை பென்சிலில் கட்டைவிரலால் குறித்துக்கொண்டு, அதே அளவு முகத்தின் அகலத்தில் எத்தனை முறை வருகிறது என்று பார்க்கலாம். நிமிர்த்திப் பிடித்தால் தூக்குநூல். கொத்தனார் சுவர் பார்ப்பது போலத்தான். கண்ணின் உள்மூலைக்கு நேர் கீழே மூக்கின் ஓரம் வருகிறதா, வாயின் மூலை வருகிறதா என்று தெரிந்துவிடும். கேட்கிறவர்கள் கையில் பென்சிலைக் கொடுத்து ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். பாதிப் பேர் முழங்கையை மடக்குவார்கள். அதைத் திருத்தும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"கறுப்பாப் போட்டுடாதீங்க" என்கிறார்களே?

தமிழில், கன்னடத்தில், இந்தியில் எல்லாம் கேட்டிருக்கிறேன். அப்பா மகளுக்காகச் சொல்வார், மாப்பிள்ளை தனக்காகச் சொல்வார். சொல்கிறவரைக் கூட்டத்தின் முன்னால் திருத்த முயன்றால் அவர் எழுந்து போய்விடுவார், பிள்ளை கூனிக் குறுகிவிடும். அதனால் நான் பாடம் நடத்துவதில்லை. தாளை மாற்றிவிடுகிறேன்.

வெள்ளைத் தாளில் முகத்தை வெளுப்பாக்க வேண்டும் என்றால் வெறும் தாளாக விட வேண்டும். அப்படி விட்டால் கண்ணின் வெள்ளையும் பல்லின் வெள்ளையும் செத்துப்போகும். மாநிறத்தவர், கறுப்பானவர் முகத்தில் பார்க்கிறவரை நிறுத்தும் விஷயமே அந்த இரண்டு வெள்ளைதான். இன்னொன்று, கறுத்த தோலில் வெளிச்சம் படும் இடங்கள் கூர்மையாக மின்னும்: நெற்றி மேடு, மூக்கு நுனி, கன்ன எலும்பு, கீழுதடு. வெளுத்த தோலில் இந்த வேறுபாடு மங்கல்.

பழுப்புத் தாளில் கதை வேறு. தாளே தோலாகிவிடும். நிழலுக்குக் கரி, மின்னும் இடத்துக்கு வெள்ளைச் சாக். நடுவே உள்ள பெரும்பகுதியைத் தொடவே வேண்டாம். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்பது கூடுதல் லாபம்.

ஒரு தடவை ஓர் அம்மா, கல்லூரியில் படிக்கும் மகளை உட்காரவைத்துவிட்டு, "கொஞ்சம் கலரா போடுங்க தம்பி" என்றார். ஓசூர்க்காரர்கள். பெண் எதுவும் சொல்லவில்லை, செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழுப்புத் தாளைக் கிளிப்பில் மாட்டினேன். நெற்றியிலும் மூக்கிலும் சாக் விழுந்தபோது கூட்டத்தில் யாரோ கன்னடத்தில் "சென்னாகிதே" (நல்லா இருக்கு) என்றார்கள். முடிந்ததும் அம்மா கையில் வாங்கி நீட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அவளேதான்" என்றார். கலரைப் பற்றிப் பேச்சு வரவில்லை. பேரம் மட்டும் பேசினார், ஐம்பது ரூபாய் குறைத்துக்கொண்டேன்.

திரும்பத் திரும்ப வெளுப்பாக்கச் சொன்னால்? வரைவதில்லை. "எனக்கு அது வராதுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிடுவேன்.

போனில் இருக்கும் போட்டோவைப் பார்த்து வரைந்து தருவீர்களா?

முடிந்தவரை மறுக்கிறேன். போட்டோவைப் பார்த்து வரைந்தால் அங்கே டெமோ இல்லை. நீங்கள் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்க்க யார் நிற்பார்கள்? ஆனால் இறந்துபோனவர்களின் படத்தைக் கொண்டுவருவார்கள், ஊரில் இருக்கும் பாட்டியைக் கேட்பார்கள். அப்போது மனது கேட்காது.

வரைவதானால் செல்ஃபியாக இருந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். கை எட்டும் தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு பெரிதாகவும் காது சின்னதாகவும் இருக்கும். லென்ஸுக்குக் கிட்டே இருப்பது பெருத்துத் தெரியும். அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, சில போன்களில் முன்கேமரா படம் கண்ணாடியில் தெரிவது போல இடம்வலம் மாறியே சேமிக்கப்பட்டிருக்கும். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு சேலத்துப் பாட்டியால். பேரன் அவரோடு எடுத்த செல்ஃபியைக் காட்டினான், பாட்டியை மட்டும் வரையச் சொன்னான். முக்கால்வாசி முடிந்திருந்தது. பின்னால் நின்ற ஒரு பெரியம்மா, "தம்பி, முந்தானை ஏன் வலது தோள்ல கிடக்கு?" என்றார். பார்த்தேன். கிடந்தது. மூக்குத்தியும் இடது பக்கம். பேரனைக் கேட்டால், "ஆமா, பாட்டிக்கு வலது பக்கம்தான்" என்று அவனே போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். புதுத் தாள் எடுத்துப் படத்தைப் போனில் இடம்வலம் மாற்றி மறுபடி வரைந்தேன். அந்தப் பெரியம்மா கடைசிவரை நின்று கம்மலையும் சரிபார்த்துவிட்டுத்தான் போனார்.

பேசிக்கொண்டே எப்படி வரைவது?

எல்லா நேரமும் பேச முடியாது. அளவெடுக்கும்போதும் கண் வரையும்போதும் வாய் மூடிக்கொள்ளும், அதைக் கூட்டம் தப்பாக எடுத்துக்கொள்ளாது. நிழல் போடும்போது கை தன் பாட்டுக்குப் போகும், அப்போது பேசலாம். என்ன செய்யப்போகிறோம் என்பதை ஒரு வரி முன்னால் சொன்னால் போதும். "இப்ப இந்தக் கன்னத்தை அழிக்கப் போறேன்" என்றால் எல்லோரும் ஒரு அடி கிட்டே வருவார்கள். உட்கார்ந்திருப்பவரோடு பேசாதீர்கள்; பதில் சொன்னால் தாடை அசையும். அவர் பார்வைக்கு ஒரு மரக்கிளையையோ எதிர்க்கடைப் படத்தையோ காட்டிவிடுங்கள்.

தவறிப் போனால் என்ன செய்வது? அத்தனை பேர் பார்க்கிறார்களே!

அழிக்கலாம், அதுவும் டெமோதான். முதல் வருடம் தப்புக் கோட்டை மறைக்க அதன் மேலேயே நிழல் போட்டுப் போட்டு ஒருவருக்குப் பக்கவாதம் வந்த வாய் வரைந்து கொடுத்தேன். இப்போது "மூக்கு கால் அங்குலம் தள்ளிப்போச்சு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் துணியால் தட்டிவிடுகிறேன். மக்கள் ரசிப்பது அந்த இடத்தைத்தான். ஓவியர் என்றால் முதல் கோட்டிலேயே சரியாக வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள், வீட்டுக்குப் போய்த் தாங்களும் ஒரு பென்சில் எடுக்கலாம் என்று நினைக்கிறார்கள்.

ஐந்து நிமிடத்துக்குள் தலையின் சாய்வே தப்பு என்று தெரிந்தால் மட்டும் தாளை மாற்றுங்கள். பத்து நிமிடம் தாண்டிவிட்டால் மாற்றாதீர்கள், உட்கார்ந்திருப்பவர் பாவம்.

குழந்தைகள் தொந்தரவு செய்தால்?

தொந்தரவு என்று நினைத்தால் சந்தைக்கு வர வேண்டாம். குழந்தையை வரைய இருபது நிமிடம் கிடைக்காது, நாலு நிமிடம்தான். அம்மா மடியில் உட்காரவைத்து, போனில் ஏதாவது பார்க்கவிட்டுக் கீழ்நோக்கிய முகமாக வரைந்துவிடுவேன். வேடிக்கை பார்க்கிற பிள்ளைகளுக்கு ஏ4 தாளை நாலாகக் கிழித்துக் கரித்துண்டோடு கொடுத்துவிடுவேன். 2024 சந்தையைச் சந்திரயான் விஞ்ஞானிகளுக்குச் சமர்ப்பித்திருந்தார்கள். அந்த வருடம் என் காலடியில் உட்கார்ந்த அத்தனை பிள்ளைகளும் ராக்கெட்தான். அவர்கள் சட்டைக்கு நான் பொறுப்பில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

யாருமே வந்து உட்காரவில்லை என்றால்?

காலை ஒன்பது மணிக்கு எல்லோருக்கும் அதுதான் நிலைமை. போணி ஆகும்வரை சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. எதிரே டீ ஆற்றுகிறவரை வரையுங்கள், பக்கத்துக் கடைக்காரரை வரையுங்கள். யாரும் இல்லாவிட்டால் ஒரு கைக்கண்ணாடி வைத்து உங்களையே. வெற்றுத்தாளோடு காத்திருப்பவரிடம் யாரும் வரமாட்டார்கள், வரைந்துகொண்டிருப்பவரிடம் வருவார்கள்.

எவ்வளவு வாங்கலாம்?

நான் ஏ4 பென்சிலுக்கு 300, ஏ3 கரிக்கு 500 என்று ஒரு அட்டையில் எழுதி மாட்டிவிடுவேன். எழுதி மாட்டாவிட்டால் ஒவ்வொரு இரண்டு நிமிடமும் "எஷ்டு?" (எவ்வளவு?) என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், கை நின்றுவிடும். பணம் முன்கூட்டியா, பிறகா? பிறகுதான். பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் வாங்க வேண்டாம், படத்தை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆளை இழுக்க அது மாதிரிப் படமாகும். கூட்டம் ஏறிவிட்டால் போன் சிக்னல் படுத்துவிடும், ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும். ஐம்பது, நூறு ரூபாய்ச் சில்லறை கட்டாயம்.

வீடியோ எடுக்கிறார்களே, விடலாமா?

என் கையை எடுக்கட்டும். உட்கார்ந்திருப்பவர் முகத்தை எடுக்க அவரிடம் கேட்க வேண்டும். பெண்கள், குழந்தைகள் என்றால் நானே கேட்கச் சொல்வேன்.

மக்கள் முன்னால் வரைவது நமக்குப் புதிதா?

வாசலில் கோலம் போடுவதைவிடப் பழைய டெமோ எது? அழிரப்பர் கிடையாது, தெருவில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள், புள்ளி ஒன்று தப்பினால் கடைசிச் சுற்றில்தான் தெரியும். ஜனவரியில் மயிலாப்பூர் விழாவின்போது வடக்கு மாட வீதியில் நடக்கும் கோலப் போட்டியைப் போய்ப் பாருங்கள். ஆளுக்கொரு கட்டம், சுற்றிலும் கூட்டம், கேமரா. மாமிகள் தலை நிமிர்வதே இல்லை. அந்த ஒருமுனைப்பு எனக்கு இன்னும் வரவில்லை.

ஆனந்த விகடனில் கோயில் சிற்பங்களை வரைந்த சில்பி, கோயிலிலேயே உட்கார்ந்து நேரில் பார்த்து வரைந்தவர். எழும்பூரில் நான் படித்த கலைக்கல்லூரி 1850ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. முதல் வருடம் எங்களை எழும்பூர் ஸ்டேஷனுக்கு விரட்டிவிடுவார்கள். தூங்குகிற பயணிகளை வரைய வேண்டும். அவர்கள் அசையமாட்டார்கள், ஆனால் பக்கத்தில் விழித்திருப்பவர் வந்து எட்டிப் பார்ப்பார். முதுகில் ஒரு ஆள் மூச்சுவிடும்போதும் கோடு நடுங்காமல் இருக்க நான் பழகியது அங்கேதான்.

சென்னையிலிருந்து சித்ர சந்தைக்குப் போக என்ன செய்ய வேண்டும்?

சில மாதங்களுக்கு முன்பே விண்ணப்பம் வாங்குகிறார்கள், தேர்வு செய்து இடம் ஒதுக்குகிறார்கள். டிசம்பரில் யோசித்தால் நடக்காது. ஜனவரி விடியலில் பெங்களூர்க் குளிர் நம் ஊர் விரலுக்குப் பழக்கமில்லை. முதல் அரை மணி நேரம் கோடு விறைப்பாக வரும். உள்ளங்கையில் சூடான டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு, பழைய செய்தித்தாளில் வட்டங்களும் நீண்ட கோடுகளும் போட்டுக் கையை இளக்குங்கள். மொழி பிரச்சினையே இல்லை. "குத்கொள்ளி" என்றால் உட்காருங்கள். மிச்சம் விரலால் காட்டினால் போதும்.

படத்தை எப்படிக் கொடுத்தனுப்புவது?

கரிப் படம் என்றால், கரி உதிராமல் தாளில் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரே அடிக்க வேண்டும். ஒரு அடி தள்ளி, காற்று போகிற திசையில், லேசாக இரண்டு தடவை, நடுவே காயவிட்டு. கிட்டே வைத்து அடித்தால் துளித்துளியாகக் கறை விழும். அடித்ததும் படம் கொஞ்சம் கறுக்கும், வெள்ளைச் சாக் மங்கும். அதனால் சாக்கின் கடைசி இரண்டு மூன்று தொடுகைகளை ஸ்ப்ரேக்குப் பிறகு வைப்பேன். கூட்டத்தின் நடுவே அடிக்காதீர்கள், யாராவது இருமுவார்கள்.

அப்புறம் மேலே ஒரு பட்டர் பேப்பர், படம் வெளிப்பக்கம் இருக்கும்படி தளர்வாகச் சுருட்டி ரப்பர் பேண்ட். மடித்துத் தரச் சொல்பவர்களும் உண்டு. பைக்கில் வந்திருப்பார்கள், வைக்க இடம் இருக்காது. ஜவுளிக் கடைகளில் துணி சுற்றியிருக்கும் காலி அட்டைக் குழாய்களைக் கேட்டால் சும்மாவே தருவார்கள். ஒன்றை இரண்டாக அறுத்தால் ஏ3 சுருள் இரண்டுக்கு ஆகும். ரயிலேறும் முன் பத்துக் குழாய் சேர்த்து வைத்துக்கொள்வேன். மத்தியானம் மூன்று மணிக்குள் தீர்ந்துவிடும்.